முப்பத்திரண்டு கம்பங்களுக்குக் காலில் புண்

"சார், பின்பக்கமா கரும்புகை விடுற மாட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்று கால்நடை மருத்துவர் தொலைபேசியில் சொன்னபோது, குண்டூசியார் அன்றைய முதல் கோப்பைக்கூட இன்னும் திறக்கவில்லை.

குண்டூசியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எந்தக் காகிதமானாலும் இடது மூலையில், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளித்தான் குண்டூசி குத்துவார். அடுத்தவர் குத்தியதைப் பிடுங்கி மறுபடி குத்துவார். அந்தப் பெயரை வைத்தவர் மாற்றலாகிப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பெயர் மட்டும் மாற்றலாகாமல் நின்றுவிட்டது.

மருத்துவர் தன் கையிலிருந்த படிவத்தைப் படித்தார். எண்ணிக்கை, ஒன்று. பாதிப்பு, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இடது பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, காலையில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்புகிறது. எத்தனை நாளாக, மூன்று வருடம்.

மாதாமாதம் தான் அனுப்பும் வாசகம் குண்டூசியாருக்கு உடனே தெரிந்துவிட்டது. அது மாடு அல்ல. கடைக்கோடி ஊருக்குப் போகும் பஸ்.

அவர் வேலை பார்த்தது கிராமப்புற வசதிகள் கண்காணிப்பு அலுவலகம். ஊர்களிலிருந்து வரும் புகார்களைப் பிரித்து, பஸ் என்றால் போக்குவரத்துத் துறைக்கும், தெருவிளக்கு என்றால் விளக்குத் துறைக்கும், மாட்டு நோய் என்றால் கால்நடைத் துறைக்கும் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் மூன்றுக்கும் மூன்று நிறத்தில் படிவங்கள் இருந்தன. பிறகு எளிமைப்படுத்துகிறோம் என்று மேலிடம் ஒரே படிவமாக அச்சடித்துவிட்டது. அதில் எத்தனை, என்ன பாதிப்பு, எத்தனை நாளாக என்று எல்லாக் கட்டங்களும் இருந்தன. எதற்கு என்ற கட்டம் மட்டும் இல்லை. உறையின் மேல் துறையின் பெயர் இருக்குமே, அப்புறம் உள்ளே வேறு எதற்கு என்று மேலிடம் கேட்டது. கேட்டது நியாயம்தான், சரியான காகிதம் சரியான உறைக்குள் இருக்கும்வரை.

பத்தொன்பது வருடமாக இருந்தது. இந்த முறை இல்லை.

இதில் இன்னொரு சங்கடம். வருகிற வெள்ளிக்கிழமை கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் வெளிவருகிறது. குண்டூசியார் பெயர் அதில் முதலாவது. ஒரே ஒரு நிபந்தனை, பணியில் பிழை இருக்கக் கூடாது. பதவியோடு கைவைத்த நாற்காலி ஒன்று கொடுப்பார்கள். அவருடைய சகலைக்கு அந்த நாற்காலி இரண்டு வருடம் முன்பே கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து சகலை எங்கே போனாலும், கை இல்லாத நாற்காலியில்கூட முழங்கைகளை விரித்தே உட்காருகிறார். குண்டூசியாரின் மனைவி இரண்டு வருடமாக அந்த முழங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்.

"ஒரு சின்னத் தவறு டாக்டர். கடிதம் அனுப்பறேன்" என்று சொல்லி குண்டூசியார் போனை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து உறை ஒட்டும் பசைக்காரம்மா உள்ளே வந்தார். மணி பத்தே முக்கால். வழக்கம்போல, பஸ் லேட்டு சார் என்றார். வழக்கம்போல, குண்டூசியார் நிமிர்ந்து பார்க்காமல் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டார். எந்த பஸ், எங்கிருந்து என்று கேட்டதில்லை. அதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தார். அது பஸ் என்று எழுதினால் தன் பிழையைத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். ஆகவே யோசித்து, நாலு முறை கிழித்து, கடைசியில் ஒரே வரி எழுதினார். "முன்னர் அனுப்பிய படிவத்தில் கண்டது மாடு அல்ல என்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை."

மறுநாள் மருத்துவர் மறுபடி அழைத்தார். குரலில் தூக்கமே இல்லை. மாடு இல்லையென்றால் அது என்ன விலங்கு என்று தலைமையகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. நிபுணர் குழு புறப்படுகிறது. அதுவரை அது நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, சுற்றிக் கயிறு கட்ட வேண்டும் என்று ஊருக்கு உத்தரவும் போய்விட்டது.

ஆக, நாலு பேர் தள்ளினால் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் நின்றது.

குண்டூசியார் தலையைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். பஸ் மாட்டு உறைக்குப் போயிருந்தால் மாடு எங்கே போனது?

விடை பிற்பகலில் தானாகவே போனில் வந்தது. விளக்குத் துறைப் பொறியாளர். நிதானமானவர், மரியாதையாகப் பேசுபவர்.

"முப்பத்திரண்டு கம்பங்களுக்குக் காலில் புண்ணுன்னு எழுதியிருக்கீங்க. அடியில துரு அரிச்சிருக்கு, அதைத்தான் அழகா எழுதியிருக்கீங்கன்னு எடுத்துக்கிட்டேன். பதினொண்ணு படுத்துவிட்டதுன்னு இருக்கு, அதுவும் புரியுது. வாயில் நுரைன்னு இருக்கே, அதுதான் சார் புரியலை."

கடிதம் எழுதிப் பட்ட பாடு போதும் என்று குண்டூசியார் இந்த முறை வாயாலேயே சமாளித்தார். அதெல்லாம் இப்போது சரியாகிவிட்டது, நீங்கள் வர வேண்டாம் என்றார்.

"படுத்தது எல்லாம்?"

"எழுந்துடுச்சு சார்."

"யாரு தூக்கி நிறுத்தினாங்க?"

"யாரும் இல்லை. தானாவே எழுந்துடுச்சு."

மறுமுனையில் பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது. பிறகு பொறியாளர் மெதுவாகச் சொன்னார். "அதுல மின்சாரம் ஓடுது சார். தானா விழுந்து தானா எழுந்திருக்கிற கம்பத்துக்குப் பக்கத்துல ஜனங்க நடமாடறாங்க. நான் முப்பத்திரண்டு புதுக் கம்பத்தோட லாரியை எடுத்துக்கிட்டு வரேன்."

மூன்றாவது உறை போக்குவரத்து ஆய்வாளரிடம் இருக்க வேண்டும். கடிதம் காலை வாரிவிட்டது, போன் காலை வாரிவிட்டது. நேரிலேயே போய் வாங்கி வந்துவிடலாம் என்று குண்டூசியார் மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டார்.

ஆய்வாளர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் ஊராக இன்னொரு பஸ் கேட்டு அவர் உயிரை எடுக்கிறார்களாம். இல்லை இல்லை என்று சொல்லி அவருக்கு வாய் வலிக்கிறதாம். இங்கே பார்த்தால் ஒரே ஊரில் பதினாலு நிற்கிறது. மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது, விளக்கு எரியவில்லை, இரண்டு சாய்ந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய பட்டியலில் அந்த ஊருக்கு ஒரு பஸ்தான், மீதி பதிமூன்றை யார் கொடுத்தது என்று கேட்டார்.

"அது நீங்க நினைக்கிற மாதிரி வண்டி இல்லை சார்" என்று குண்டூசியார் ஆரம்பித்தார். "அதுல சக்கரமே கிடையாது."

ஆய்வாளர் கையை விட்டுவிட்டார். முகம் சிவந்தது.

"பதினாலு வண்டியிலயும் கழட்டிட்டாங்களா?"

அரை மணி நேரத்தில் மெக்கானிக்குகளைத் திரட்டி, மாற்றுச் சக்கரங்களை ஒரு புது பஸ்ஸில் ஏற்றச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, இந்தத் திருட்டை வெளிக்கொண்டு வந்ததற்காகக் குண்டூசியாருக்கு ஒரு கோப்பை காபியும் வரவழைத்தார். அதை ஆறவிட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை தங்கையையும் சகலையையும் சாப்பிட வரச் சொல்லியாகிவிட்டது, இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் மனைவியின் முதல் கவலை.

"உங்க சகலை பண்ணாத தப்பா?" என்றார் பிறகு. "அவர் மாட்டிக்கலை. நீங்க பத்தொன்பது வருஷத்துல ஒண்ணு பண்ணினீங்க, அதையும் மூணு துறைக்கும் எழுத்துல குடுத்துட்டு வந்திருக்கீங்க."

புதன்கிழமை மாலை அலுவலகத்தின் இயக்குநர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். நாளைக்கு மூன்று துறையும் கடைக்கோடி ஊருக்குப் போகிறது, நானும் போகிறேன், நீங்களும் ஜீப்பில் ஏறுங்கள் என்றார். குண்டூசியார் அன்றே மன்னிப்புக் கடிதம் எழுதி, இடது மூலையில் ஒரு விரற்கடை தள்ளிக் குண்டூசி குத்தி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது பஸ். அதைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு வெளியே முகமூடியும் ரப்பர் காலணியும் அணிந்த மூன்று நிபுணர்கள், அவர்களுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியோடு கால்நடை மருத்துவர். ஒருவர் பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், பின்பக்கம் போக வேண்டாம், அங்கேதான் புகை வரும் என்று அவரை எச்சரித்தார். கொஞ்சம் தள்ளி லாரியில் முப்பத்திரண்டு கம்பங்கள். அதற்குக் கீழே பொறியாளர், பழைய கம்பங்களை விரலால் எண்ணி, மறுபடி எண்ணி, பதினாலுக்கு மேல் வராமல் நின்றுகொண்டிருந்தார். அதே பதினாலு கம்பங்களுக்கு நடுவில் ஆய்வாளர், தன் பதினாலு பஸ்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

மருத்துவர், பொறியாளர், ஆய்வாளர் மூன்று பேரும் ஒரே நேரத்தில் குண்டூசியாரைப் பார்த்தார்கள். பிறகு இயக்குநர் அம்மாவைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. அலுவலகத்திலிருந்து சரக்கும் வண்டியும் வெளியே எடுக்க வேண்டுமானால், நேரில் சென்று உறுதி செய்யப்பட்டது என்று முதலில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழாமலேயே போட்டிருந்தார்கள்.

"எல்லாம் நீங்க பார்த்துட்டுப் போன மாதிரியே இருக்கா?" என்று அம்மா கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு மேடம்" என்றார்கள் மூவரும்.

"அப்ப வேலையை ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் மரத்தடியில் மாடுகள் கால் ஊன்ற முடியாமல் படுத்துக் கிடந்தன. என்ன விலங்கென்று தெரியாததால் எல்லா நோய்க்கும் மருந்து நிரப்பி வந்திருந்த மருத்துவர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். திறந்த பெட்டியைத் திருப்பி எடுத்துப்போனால் மருந்து கெட்டுவிடும். ஆகவே கொண்டுவந்த முகமூடிகளுக்கு ஒரு பயன் கிடைத்தது. முப்பத்திரண்டு மாடுகளுக்கும் சிகிச்சை, மீதிக்குத் தடுப்பூசி. கம்பங்களைத் திருப்பிக் கொடுக்கும் படிவம் ஒன்பது பக்கம். அதை நிரப்புவதைவிடக் குழி வெட்டுவது சுலபம் என்று பொறியாளர் பழைய பதினாலையும் பிடுங்கிவிட்டு முப்பத்திரண்டையும் நட்டார். அரசு உத்தரவால் ஒரு பஸ் நிறுத்தப்பட்டால் அதற்கு மாற்று பஸ் தர வேண்டும் என்பது விதி. மாற்று பஸ் ஆய்வாளரோடு அங்கேயே வந்து நின்றது. அவர் ஊர் திரும்ப ஜீப்பில் இடம் கேட்டார்.

திரும்பும் வழியில் ஆய்வாளரை அவர் அலுவலகத்தில் இறக்கிவிட்டதும் இயக்குநர் அம்மா குண்டூசியார் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊர் புகாரை மூணு வருஷமா நீங்கதானே அனுப்பறீங்க?"

"ஆமா மேடம். மாசா மாசம்."

"என்ன பதில் வரும்?"

"பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு முத்திரை குத்தி வரும் மேடம்."

மன்னிப்புக் கடிதத்தை எடுக்க அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். குண்டூசி விரலில் குத்தியது.

"காலில் புண் வந்த கம்பத்துக்கு அவங்ககிட்ட முத்திரை இல்லை, அதான் எழுந்து வந்துட்டாங்க" என்றார் அம்மா. "எப்படிப் பண்ணினீங்கன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. பையில இருந்து கையை எடுங்க."

வெள்ளிக்கிழமை காலை பட்டியல் வந்தது. பதினொரு மணிக்குக் கைவைத்த நாற்காலியும் வந்தது. குண்டூசியார் உட்கார்ந்து முழங்கைகளை மெல்ல விரித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மனைவிக்குப் போன் செய்தார். மனைவி தங்கைக்குச் செய்து, சகலைக்கு ஸ்டூல் போடுவதா, கை இல்லாத நாற்காலி போடுவதா என்று கேட்கப் போவதாகச் சொன்னார்.

ஆனாலும் குண்டூசியாருக்கு மனசு ஆறவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்தார், சிவப்புப் பேனாவைத் திறந்தார், கோடு போட எதுவும் இல்லாமல் மூடினார். பசைக்காரம்மா இன்று பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து, அந்த மாத உறைகளை வரிசையாக அடுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்.

குண்டூசியார் அவரிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

"பத்தொன்பது வருஷம். ஒவ்வொரு காகிதத்தையும் ரெண்டு தடவை பார்த்துத்தான் உறையில போடுவேன். எல்லா ஊரும் சரியா இருக்கு. அந்த ஒரு ஊரை மட்டும் எப்படி மாத்திப் போட்டேன்?"

பசைக்காரம்மா தூரிகையைக் கிண்ணத்தில் தோய்த்து, உறையின் ஓரத்தில் ஒரே இழுப்பாக இழுத்து, மடித்து அழுத்தினார்.

"நீங்க சரியாத்தான் போட்டீங்க சார், மூணு வருஷமா சரியாப் போட்டும் எங்க ஊருக்கு ஒருத்தரும் வரலைன்னுதான், ஒட்டுறதுக்கு முன்னாடி நான் மாத்திப் போட்டேன்."