கழுத்தளவு தண்ணீரில் நின்ற செங்கமலம்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
17 ஜூன் 1956, ஞாயிறு

பட்சமுள்ள தங்கை இருதயமேரிக்கு அண்ணன் அற்புதராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணியும் சலோமியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பொன்மலையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்கவேண்டுமென்று இன்று காலைப் பூசையிலும் கேட்டுக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசுக்கு ஒன்றுமில்லை என்று எழுதவில்லை, கவனித்தாயா? அதற்குக் காரணம் நீ. சலோமி பரீட்சையில் தேறியதற்கு ஒரு பாவாடைத் துணியோ ஒரு ஜெபமாலையோ அனுப்பியிருக்கலாம். நீ அனுப்பியது நாவல். 'முத்துத்தீவின் மூன்றாம் விளக்கு'. இனிமேல் என் வீட்டுக்கு ஒரு நாவலும் அனுப்பாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் என்பதையும் கேட்டுக்கொள்.

புத்தகம் வந்த அன்றைக்கே வஞ்சிரமீன் குழம்பு தீய்ந்தது. குழம்பைப் பார்த்துக்கொள் என்று உன் அண்ணி சொன்னதற்கு, சலோமி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், புத்தகத்தை. அடுத்த ஞாயிறு அதைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக் கோயிலுக்கே கொண்டுபோய்விட்டாள். சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிறார், சபையே தலைகுனிந்து மௌனமாக இருக்கிறது, அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து 'ஐயோ!' என்று ஒரு சத்தம். என் மகள் சத்தம். பூசை முடிந்ததும் சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பெண்ணுக்கு இந்த வயதில் இவ்வளவு பக்தியா என்று மெச்சினார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால், ஒற்றைக்கண் கப்பல்காரன் செங்கமலத்தின் படகில் ஓட்டை போட்டுவிட்டானாம், அதற்காக ஐயோ. செங்கமலம் யார் என்று நான் கேட்டிருக்கக்கூடாது. கலங்கரை விளக்கக்காரர் மகளாம், பதினைந்து வயதாம், காணாமல் போன அப்பாவைத் தேடி ஆண்பிள்ளை வேஷத்தில் தனியாகப் படகில் கிளம்பிவிட்டாளாம். சலோமிக்கும் பதினைந்து வயது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும்.

அவள் படித்து முடித்ததோடு போகவில்லை. இதைப் படி, இதைப் படி என்று வகுப்பு முழுவதும் சொல்லி வைத்து, புத்தகம் நெரவிக்குப் போய், திருநள்ளாற்றுக்குப் போய், அம்பகரத்தூர் பஸ்ஸிலேறிப் போய், அட்டையில் மஞ்சளும் விபூதியும் எண்ணெயுமாக நாலு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கடைசி வெற்றுத்தாளில் படித்த பெண்கள் எல்லோரும் அடுத்துப் படிக்கிறவளுக்கு ஆளுக்கொரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 'ஏழாம் அத்தியாயம் படிக்கும்போது அடுப்பில் பால் வைக்காதே' என்று ஒருத்தி. 'சாப்பிட்டுவிட்டு ஆரம்பி, நடுவில் எழுந்திருக்க முடியாது' என்று திருநள்ளாற்றுச் சொர்ணாம்பாள். எல்லாவற்றுக்கும் மேலே சலோமி கையெழுத்தில் ஒரு சட்டம்: 'முடிவை நம் வகுப்புப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் வெளியே சொல்லக்கூடாது.'

இனிமேல்தான் விபரீதம். பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை மதார் சாகிப் பாயை உனக்குத் தெரியும். அவர் மகள் மெஹர் பானு சலோமியோடு ஒரே பெஞ்சில் படித்தவள், கணக்கில் சலோமியைவிடக் கெட்டிக்காரி. போன வருஷம் அவளை வயசுக்கு வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது முதல் இந்த இரண்டு பெண்களும் கொல்லைச் சுவருக்கு மேல் தலையை நீட்டித்தான் பேசிக்கொள்வது. அந்தச் சுவர் வழியாகப் புத்தகமும் போயிருக்கிறது, முருங்கைக்கீரைக் கூடையில், கீரைக்கு அடியில். போன மாதம் ஒருநாள் புத்தகம் திரும்பி வருகிற நேரத்தில் கூடையை மதார் சாகிப் வாங்கிவிட்டார். நேரே என் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"அற்புதராஜு, இருபது வருசமா பக்கத்து பக்கத்துல இருக்கோம். இது என்னாங்க?"

"கதைப் புஸ்தகம் பாய்."

"கதன்னு தெரியுது. அட்டையில ஒரு பொம்பளப்புள்ள தலப்பா கட்டிக்கிட்டு துடுப்பு போடுது. நல்ல கதையா, கெட்ட கதையா?"

எனக்கென்ன தெரியும்? நான் படித்திருந்தால்தானே. நல்ல கதை என்று சொல்லிப் பொய்யாகிவிட்டால் இருபது வருஷப் பழக்கம் போய்விடும், கெட்ட கதை என்று சொன்னால் என் மகள் கொடுத்தது ஆகிவிடும். படித்துப் பார்த்துத் தீர்மானிப்போம் என்றேன். அவர் அரபு எழுத்தில் எழுதிய தமிழ்தான் படிப்பார், அச்சுத் தமிழ் ஓடாது. நானோ மேரி என்கிற நகராட்சி ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக ஊராருடைய பிறப்பு இறப்பையெல்லாம் பிரெஞ்சில் எழுதியவன், தமிழைப் படிப்பேன், ஆனால் எருமை ஏரியில் இறங்குகிற மாதிரிதான் படிப்பேன். மத்தியானம் கடை அடைத்ததும் அவர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை நான் வாசித்து முடிப்பதற்குள் மதார் சாகிப் இரண்டுமுறை கொட்டாவி விட்டார். திரைக்கு உள்ளேயிருந்து மெஹர் பானு பொறுக்கமாட்டாமல், "மாமா, குடுங்க, நா வாசிக்கிறேன்" என்றாள்.

அந்தப் பெண் வாசித்தாள் பார், இருதயம்! காற்றடிக்கும் இடத்தில் காற்றாக, கப்பல்காரன் பேசும் இடத்தில் கப்பல்காரனாக. தீர்மானம் செய்ய உட்கார்ந்த நாங்கள் தீர்மானத்தை மறந்துவிட்டோம். ஒன்பது நாள் மத்தியானம் மத்தியானமாகப் போனேன். பத்தாம் நாள் கதை உச்சத்துக்கு வந்தது. செங்கமலத்தைக் கல்லறைபோன்ற நிலவறையில் அடைத்துவிட்டான் கப்பல்காரப் பாவி, கடல் ஏறுகிறது, தண்ணீர் முழங்கால், இடுப்பு, கழுத்து. மெஹர் பானு நிறுத்தினாள்.

"படி புள்ள" என்றார் மதார் சாகிப்.

"இதுக்கப்புறம் பக்கம் இல்ல வாப்பா. ஆடு தின்னுடுச்சு."

வாங்கிப் பார்த்தேன். வாஸ்தவம், கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம். சலோமியைக் கூப்பிட்டுக் கேட்டால் அவளும் ஆடு என்றாள்.

"பானு, நீதான் முந்தியே படிச்சிட்டியே. என்னா ஆச்சுன்னு வாயால சொல்லு."

"சொல்லக்கூடாது வாப்பா. வகுப்புப் புள்ளைங்கள தவிர வேற யாரும் முடிவ சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்கு. நா இப்ப வகுப்புல இல்ல. நா படிச்சதே ஒரு தப்பு, சொன்னா ரெண்டு தப்பு."

"வகுப்புல இருந்தா?"

திரைக்கு உள்ளேயிருந்து மெதுவாக, "இருந்தா, வாப்பாவுக்கு சொல்லலாம்" என்றாள். அப்போது அந்தக் குரலில் கப்பல்காரன் இல்லை, காற்றும் இல்லை. நான் என் செருப்பைத் தேடினேன்.

மதார் சாகிப் இரண்டு நாள் தன் நினைவிலேயே இல்லை. கடையில் ஐந்து கெஜம் கேட்டவருக்கு ஏழு கெஜம் கிழித்தார். மூன்றாம் நாள் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார்.

"அற்புதராஜு, அந்தப் புள்ள மூணு நாளா தண்ணிக்குள்ளயே நிக்கிதுங்க."

"எந்தப் புள்ள பாய்?"

அதற்கு அவர் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது என்று கேட்டார். திரைபோட்ட ரிக்‌ஷா கிடைக்குமா என்று கேட்டார். சலோமியும் கூடவே போவாளா என்று கேட்டார். போவாள் என்றேன். அன்று மத்தியானமே அவரும் நானும் போய் தலைமைக் கன்னியாஸ்திரியைப் பார்த்து மெஹர் பானுவின் பெயரைத் திரும்ப எழுதிவிட்டு வந்தோம். உறவுக்காரர்கள் வந்து கேட்டதற்கு, "எம் புள்ள படிக்கிது, ஒங்களுக்கென்ன?" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டாராம்.

பெயர் எழுதிய அன்று சாயங்காலமே மெஹர் பானு முடிவைச் சொன்னாள். செங்கமலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மூச்சைப் பிடித்து முங்கி, அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த மதகை இருட்டில் கையால் தடவிக் கண்டுபிடித்துத் திறந்து, தண்ணீரை வெளியேற்றி, பக்கத்து அறையில் கிடந்த அப்பாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து, மூன்றாம் விளக்கைத் தானே ஏற்றினாள். மதார் சாகிப் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பனக் கூட்டியாந்துட்டா" என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா ஷரீபுன்னிசா, "அந்தப் புள்ளைக்கு யாராச்சும் தல தொவட்டி விட்டாங்களா?" என்று கேட்டார்கள். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டேன், ஒரு நாவலுக்காக, ஐம்பத்திரண்டு வயதில். ஒரு புத்தகத்தால் குழம்பு, பூசை, ஆபீஸ், ஜவுளிக்கடை, இரண்டு குடும்பத்தின் மத்தியானத் தூக்கம் எல்லாம் கெட்டது. இப்படி இன்னொன்றைத் தாங்க என்னால் ஆகாது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், நாவல் அனுப்பாதே.

மாப்பிள்ளைக்கு என் தோத்திரம். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. தேவமாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
அற்புதராஜ்

பின்குறிப்பு: உறையில் விலாசத்தை எழுதும்போது அடியில் வைத்துக்கொள்ள சலோமியின் அட்லஸை எடுத்தேன். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் பதினாறு பக்கம், ஒரு பல் அடையாளம்கூட இல்லாமல். எடுத்துக்கொண்டு மதார் சாகிப்பிடம் ஓடினேன். கடைப் படியில் உட்கார்ந்து நானே எருமை வேகத்தில் வாசித்தேன். அதில் மதகே இல்லை. செங்கமலம் மயங்கி விழுகிறாள், ஒரு ஜமீன்தார் மகன் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போகிறான், மீதிப் பதினாலு பக்கமும் கல்யாணம், அவள் வாயைத் திறக்கவே இல்லை. மதார் சாகிப் பக்கங்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழுத்தளவு தண்ணியில நின்னவ, கடைசியில சேலைக்குக் கரை பாத்துக்கிட்டு நிக்கிறாளா?" என்றார். "பள்ளிக்கூடம் பாய்?" என்றேன். "அச்சடிச்சவனுக்குத் தெரியாதது எம் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, அவள நிறுத்தச் சொல்றீங்களா?" என்று என்மேல் கோபித்துக்கொண்டார். பக்கங்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், இரண்டு பெண்களுக்கும் நாங்கள் சொல்லப்போவதில்லை. மேலே நாவல் அனுப்பாதே என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். மதார் சாகிப் அடுத்தது எப்போது வரும் என்று கேட்கச் சொன்னார். அனுப்பும்போது கடைசிப் பதினாறு பக்கத்தை நீயே எடுத்து வைத்துக்கொண்டு அனுப்பு.