பெட்டியை விட்டு ஓடிய மருந்து

தெரிந்ததை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியாதவர்கள் ஆராய்ச்சிக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

மரபணுவில் எதைப் படிக்கலாம், எதை மூடிவைக்கலாம் என்று முடிவு செய்யும் நொதிகள் உண்டு. அவற்றில் இரண்டு, அண்ணன் தம்பி போல அச்சு அசல் ஒன்றுதான். அண்ணன் கெட்டுப்போனால் புற்றுநோய். தம்பி உடம்புக்கு வேண்டியவன். ஒரு மருந்து எப்படித் தம்பியை விட்டுவிட்டு அண்ணனை மட்டும் பிடிக்கிறது என்று, அணு அணுவாகக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. (கல்யாணப் பேச்சில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லிவிடுவார்கள்.)

இரணியல் சித்தப்பாவுக்குக் கழுத்தில் புற்றுக்கட்டி வந்தது. மற்றதெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, இனி இந்த மாத்திரைதான் என்றார் டாக்டர். நான் ஓடவிட்டுக்கொண்டிருந்த அதே மருந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

புதிதாக ஓடி முடிந்த கணக்கின் படத்தை, நானே ஒருமுறை பார்க்காமல், அவர் கட்டிலில் வைத்துப் போட்டேன்.

“இதுதான் ஒங்க மாத்திரை. எப்படிப் பிடிக்குன்னு பாருங்க.”

திரையில் மருந்து அண்ணனைப் பிடித்தது. கொஞ்ச நேரம் ஒட்டி உட்கார்ந்திருந்தது. பிறகு விருட்டென்று துள்ளி, திரையின் மறுகோடியில் போய்த் தனியாக நின்றது. சித்தி கையிலிருந்த கஞ்சியைக் கீழே வைத்தாள்.

“விட்டுட்டுல்லா போவுது மக்கா,” என்றார் சித்தப்பா.

உண்மையில் அது போகவில்லை. இந்தக் கணக்கெல்லாம் ஒரு கற்பனைப் பெட்டிக்குள் நடக்கும். ஒரு பக்கம் வெளியே போவது மறுபக்கம் வழியாக உள்ளே வரும். அப்படி மறுபக்கம் வந்ததை, படமாக்கும் முன் பழைய இடத்தோடு சேர்த்துவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் விட்டு ஓடியதுபோலத் தெரியும். புதிதாக வரும் மாணவர்கள்தான் இதை மறப்பார்கள். நான் அவர்களுக்குப் பாடம் எடுப்பவன். விளக்க விளக்க அவர் முகம் இருண்டது.

“ஒனக்க கம்ப்யூட்டருலயே நிக்கல. எனக்க கழுத்துல நிக்குமா?”

மாத்திரையைத் தொட மறுத்துவிட்டார். படத்தைச் சரிசெய்து கொண்டுபோனேன். “இப்ப நீ ஒட்டவச்சுக் கொண்டாந்திருக்க,” என்றார். ஒரு மாதம் இப்படியே போயிற்று. சித்தி அழுத பிறகுதான் விழுங்கினார்.

கட்டி சுருங்கியது, அவருக்குக் கேலியும் திரும்பியது. வீட்டில் யார் சொல்லாமல் எழுந்து போனாலும், “தேடாண்டாம், அந்தப் பக்கம் வழியா வருவான்,” என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

பிறகு கட்டி மருந்துக்குக் கேட்கவில்லை. (அண்ணன் உருவத்தை மாற்றிக்கொண்டான். அதையும் கணினியில் பார்த்தேன். யாருக்கும் காட்டவில்லை.) சித்தப்பா போய்விட்டார்.

விசேஷ வீடுகளில் யாராவது நழுவினால் இன்றும் “அந்தப் பக்கம் வழியா வருவான்” என்று சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். நான் சொன்னால் மட்டும் சிரிக்கமாட்டாள். அந்த ஒரு மாதத்தை அவள் மறக்கவில்லை.