துரைக்கும் ஓர் ஊசி

சூரனை அழித்த கோபம் முருகனுக்கே திருத்தணி மலையில் ஏறி உட்கார்ந்ததும் தணிந்துவிட்டது. அந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒருநாள்கூடக் கோபம் தணியாத ஆள் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஜட்கா நைனா.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவரைவிட மூத்தவர்களும் நைனா என்றுதான் கூப்பிட்டார்கள். ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டுவார். ரயில் தாமதமாக வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் போய், வெயிலில் நின்ற குதிரைக்குச் சமாதானம் சொல்லச் சொல்வார். மழை பெய்தால் மேகத்தைத் திட்டுவார். மழை விட்டால், தான் திட்டியதால்தான் விட்டது என்பார்.

குதிரையின் பெயர் துரை. வெள்ளைக்காரன் ஆண்ட யுத்த காலத்தில் நடுக்கடைத்தெருவில், "டேய் தொர, ரோட்ட அசிங்கம் பண்ணாத" என்று ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டு போனால் போலீஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"வெள்ளையா கீது, வேலையும் செய்ய மாட்டன்னுது. வேற இன்னா பேரு வெக்கறது?" என்றாராம்.

அன்று பொழுது சாயும்வரை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்தார்கள். துரையும் கூடவே நின்றது.

அப்படிப்பட்ட துரைக்கு ஒரு கோடையில் வயிறு ஊதிப்போய், காலை நீட்டிப் படுத்துவிட்டது. மாட்டு வைத்தியர் கையை விரித்தார். நைனா மலையைப் பார்த்து நின்று, ஆடிக் கிருத்திகைக்குக் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு ஏறுவதாக வேண்டிக்கொண்டார். விடிந்ததும் துரை எழுந்து கொள்ளுக்குக் கனைத்தது. இனி அந்த வேல் குத்தாமல் போனால் துரை தங்காது என்பதில் நைனாவுக்குச் சந்தேகமே இல்லை.

ஆடி பிறந்தது. வாந்திபேதியும் வந்தது. அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் நின்றுவிட்டது என்றார்கள். எங்கள் பக்கம் வாசலெல்லாம் வேப்பிலை. நோயின் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. "அவ வந்துகினு கீறா" என்று மட்டும் சொன்னார்கள். ஊசி போட்டுக்கொள்ளாத யாரும் கிருத்திகைக்கு மலை ஏறக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. படி ஆரம்பிக்கும் இடத்தில் கொட்டகை போட்டு இளவயது டாக்டர் ஒருவரையும் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவரையும் உட்கார வைத்தார்கள்.

பெண்களுக்கு எடுத்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். கே.ஜி.கண்டிகையில் நாற்று நடுகிற குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போதுதான் டீச்சர் வேலைக்கு வந்திருந்தேன். தலை நிமிர்ந்துதான் போனேன். போய்ப் பார்த்தால் கொட்டகையில் ஈ, காக்கை இல்லை. ஜனங்களையெல்லாம் நைனா வயல்வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டுபோய் மலைக்குப் பின்பக்கம் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"கன்னத்துல வேல் குத்திப்பான், கையில ஊசின்னா ஓடுவான். காட்டுமிராண்டிக் கூட்டம்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள். வேல் குத்தும்போது விரதம் உண்டு, பம்பை உண்டு, விபூதி உண்டு, தோளைத் தாங்கிப்பிடிக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. உங்கள் கொட்டகையில் ஸ்பிரிட் நாற்றமும் அதட்டலும்தானே இருக்கிறது என்று கேட்டேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் மட்டும், படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்றார்.

கிருத்திகையன்று பின்பக்கத்திலும் போலீஸ் நின்றது. வேறு வழியில்லாமல் நைனா மஞ்சள் வேட்டியும் கையில் வேலுமாகக் கொட்டகைக்கு முன்னால் வந்தார். பின்னால் பம்பைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் துரை, துரைக்குப் பின்னால் காவடிகளோடு ஊரே நின்றது. நைனா ஏறினால் ஏறுவது, திரும்பினால் திரும்புவது என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கையை நீட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இது என் கையி இல்ல சாரு. விரதம் ஆரமிச்ச அன்னிக்கே அவருகிட்ட குடுத்துட்டேன்" என்று நைனா மலையைக் காட்டினார். "ஊசி போடணும்னா அவர கேளுங்க. இப்ப வருவாரு."

பம்பை முழங்கியது. நைனாவுக்கு உடம்பு உதறி அருள் வந்தது. எல்லாரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். சாமியிடம் மனு கொடுக்கச் சர்க்கார் தன்னை அனுப்பவில்லை என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் முன்னால் போனேன். என் அம்மா வருஷா வருஷம் கை கூப்பிக் கேட்கிற சாமி. நாலு எழுத்துப் படித்துவிட்டதால் என் கை கூப்பாமல் போய்விடுமா?

"சாமி, ஊர்ல நோய் கீது. ஊசி போடலாமா?" என்றேன்.

சாமி வெகுநேரம் ஆடியது. பிறகு நின்றது.

"போடு. மொதல்ல குதிரைக்குப் போடு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இது மனுஷர்களுக்கான மருந்து, குதிரைக்கு வாந்திபேதி வராது, மேலே தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று அடுக்கிக்கொண்டே போனார். டாக்டர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு நேராகத் துரையிடம் போனார். அதில் இருந்தது மருந்தா, ஆறவைத்த வெந்நீரா என்று நான் கேட்கவில்லை. கழுத்தில் குத்தினார். துரை திரும்பி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து புல்லை மெல்ல ஆரம்பித்தது.

"நெத்தியில துண்ணூறு வெச்சிட்டுப் போடு" என்று சாமி கையை நீட்டியது. டாக்டர் விபூதி வைத்தார். அரோகரா சத்தத்தில் ஊசி இறங்கியது. அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் நிற்க இடமில்லை. தயங்கி நின்ற தன் தம்பியை என் அம்மா பிடித்துத் தள்ளி, "குதிரையே போட்டுகினு நிக்குது, உனக்கு இன்னாடா வலி?" என்றாள். நாள் முழுக்கப் பம்பை ஓயவில்லை. டாக்டர் விபூதி வைத்து வைத்து மணிக்கட்டுவரை வெளுத்துப்போனார். நைனா கன்னத்தில் வேலோடு மலை ஏறினார்.

மறுநாள் ஊரில் எல்லாருக்கும் கை வீங்கி ஜுரம். நைனா ஒற்றைக் கையால் ஜட்கா ஓட்டிக்கொண்டே, அரோகரா போட்ட வாயாலேயே சர்க்காரைத் திட்டினார். துரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆடியில் நோய் எங்கள் தெருக்களில் அதிகம் ஆட்டம் காட்டாமல் போய்விட்டது. ஊசிதான் காரணம் என்றார் இன்ஸ்பெக்டர். வேப்பிலை என்றாள் என் அம்மா. துரை என்றார் நைனா.

இதைப் பட்டணத்தில் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். ஜட்காக்காரன்மேல் சாமியாவது, வருவதாவது என்கிறார்கள். சிரிக்கட்டும். கேட்டவள் நான், பதிலும் என் காதில்தான் விழுந்தது. அன்றைக்குப் பேசியது சாமியோ நைனாவோ, எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும், தன் கையை நீட்டுவதற்கு முன்னால் குதிரையை நினைத்தவர் அவர்.