மல்லாட்டை புராஜெக்டின் பாகப்பிரிவினை

திண்டிவனம்
9-3-2016, புதன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சீனுவாசன் அவர்களுக்கு, மாமனார் சின்னக்கண்ணு ஆசியுடன் எழுதுவது. கோலியனூரில் நீங்களும் என் மகள் தேவயானியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மரியாதைக்குத்தான் குறைவு. போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டில் தங்கிப் படிக்கும் உங்கள் மகள் கலைப்பிரியா என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. வரும் திங்கட்கிழமை விழுப்புரத்தில் கல்லூரியில் கடைசி வருடப் புராஜெக்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் இல்லையாம். மல்லாட்டை (இவர்கள் புராஜெக்டில் வேர்க்கடலை) இலையைப் போட்டோ எடுத்தால் என்ன நோய் என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். அவள், தேவநாதன், இருதயமேரி, உங்கள் அண்ணன் மகன் வல்லரசு என்று நான்கு பேர் கூட்டு. ஃபைல்கள் எல்லாம் என் டிரைவில். அவர்களுடையது நிரம்பிவிட்டது, என்னுடையது தரிசாகக் கிடந்தது, கொடுத்தேன். யாரிடமும் பாடம் கேட்காமல் நானே தட்டித் தட்டிக் கற்ற கம்ப்யூட்டர்.

கொடுத்த நாள் முதல் சண்டை. ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான்கு பேரும் கத்துகிறார்கள். "யார்டா நான் எழுதனத அழிச்சது?" என்கிறாள் இவள். அதற்கு உங்கள் வல்லரசு, "நான் அந்த ஃபைல தொறந்ததே இல்ல, எப்டி அழிப்பேன்? சும்மா பேஜாரு பண்ணிக்கினு!" என்கிறான்.

எத்தனை பங்காளிச் சண்டையைத் தீர்த்தவன் நான். மறுநாள் அவள் கல்லூரிக்குப் போனதும் உட்கார்ந்து நான்கு பாகமாகப் பிரித்தேன். வயதில் இளைய இருதயமேரிக்கு முதல் பாகமாகப் போட்டோக்கள், இளையவருக்கே முதல் பாகம் என்ற வழக்கத்தை மீறவில்லை. புரோகிராம் தேவநாதனுக்கு, ரிப்போர்ட் கலைப்பிரியாவுக்கு, ஸ்லைடுகள் வல்லரசுக்கு. ஒருவர் பாகத்தில் மற்றவர் கால் வைக்காதபடி அடைத்து, டிரைவின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். ரிப்போர்ட் மட்டும் 'ஃபைனல்', 'ஃபைனல் இரண்டு', 'இதுதான் ஃபைனல்' என்று வாரிசுகள் போல வரிசையாக நின்றது. மூத்ததற்கே உரிமை என்று முதல் 'ஃபைனலை' வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன். இதில் என்ன தப்பு?

சாயங்காலம் காட்டினேன். பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாத்தா, இது நெலம் இல்ல தாத்தா. அந்த போட்டோ இருந்தாத்தான் புரோகிராம் ஓடும்."

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு ஓட்டு. கெணத்துல மொறை வெச்சி தண்ணி எறைக்கல?"

"திங்கக்கெழம நான் எதக் காட்றது?"

"உம் பாகத்தக் காட்டு."

அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சுமில்லை, சரியான சாப்பாடுமில்லை. பாஸ்வேர்டு கேட்டு மற்ற மூவரும் போன் செய்தார்கள். வல்லரசு, "பஞ்சாயத்து பண்ண ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா தாத்தா?" என்று சிரிக்கிறான். வேலை செய்யாதவன் சிரிக்கிறான், மாப்பிள்ளை! அவனை இழுத்துவந்து என் எதிரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள். அதுவரை பாகம் பாகம்தான். பட்டமே போனாலும் பாஸ்வேர்டு தர மாட்டேன்.

உங்கள் கொல்லையில் மல்லாட்டை கொத்துக் கொத்தாகக் காய்க்கட்டும், தேவயானியின் முட்டிவலி தீரட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
சின்னக்கண்ணு

பி.கு.: உறையை ஒட்டுமுன் எழுதுகிறேன். மதியம் கலைப்பிரியா கம்ப்யூட்டர் முன்னால் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நானே சேர்க்கப் பார்த்தேன், வரவில்லை. வல்லரசுக்கு நானே போன் செய்தேன். ஜல்தியாக வண்டியில் வந்துவிட்டான். அழித்ததெல்லாம் டிரைவின் குப்பைக்கூடையில் அப்படியே இருந்ததாம். நான் காபி ஆற்றி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் பழையபடி சேர்த்துவிட்டான். பேத்தி சாப்பிட உட்கார்ந்தாள். கிளம்பும்போது, "தாத்தா, நீ திரும்பப் பிரிச்சிடுவ. பாஸ்வேர்ட மாத்தி வெச்சிக்கினு போறேன்" என்றான். ஆகையால் மேலே எழுதிய எதையும் அவனிடம் கேட்க வேண்டாம். பார்த்தால் நல்ல வார்த்தையாக நாலு பேசுங்கள். என் வீட்டுப் பட்டா நகலும் அந்த டிரைவுக்குள்தான் இருக்கிறது.