பிஸ்டனுக்குப் பொருத்தம் பார்த்த சித்தர்

டெல்லி மாயாபுரியில் ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடைகளுக்கு விடுமுறை. உலோகச் சித்தருக்கு அன்றைக்குத்தான் திருவிழா. வெயில் ஏறுவதற்கு முன்பே அவருடைய பீடத்துக்கு வெளியே கார்கள் வரிசை கட்டிவிடும். குருகிராமிலிருந்து வரும், துவாரகாவிலிருந்து வரும், சண்டிகரிலிருந்தும் வரும். பாதிக் கார்கள் உறுமிக்கொண்டு வரும். மீதியை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவை ஏற்கெனவே ஒருமுறை சித்தரின் அருள் பெற்றவை.

பீடம் என்பது தகரக் கூரை போட்ட கிடங்கு. உள்ளே ஊதுபத்திப் புகை, ஏசி, கேமராக்கள். நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் தரைவரை தொங்கும் சிவப்புத் துணி. மேஜைக்குப் பின்னால் மாசிலாமணி, அதாவது உலோகச் சித்தர். சேலத்திலிருந்து டெல்லிக்கு வந்து இன்வெர்ட்டர் விற்றார், ஓடவில்லை. எண் ஜோசியம் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. அதன் பிறகுதான் உலோகங்கள் அவரோடு பேசத் தொடங்கின. உலோகங்களுக்கும் நல்ல வாடிக்கையாளர் தேவைப்பட்டிருக்கும். அவர் காவி கட்டுவதில்லை. மெக்கானிக் போடும் நீலச் சட்டை, கழுத்தில் பால்பேரிங் குண்டுகளைக் கோத்த மாலை. விஞ்ஞான யுகத்துச் சித்தர் அல்லவா.

அவருடைய தத்துவம் எளிமையானது. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள்தான் அதன் பிறந்த நாள். அதை வைத்து நட்சத்திரம். சுழலும் தண்டான கிராங்க் தகப்பன், ஏறி இறங்கும் பிஸ்டன் பிள்ளை, இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு தாய். மூன்று ஜாதகமும் பொருந்தினால்தான் இன்ஜினுக்குள் குடித்தனம் நடக்கும். டர்போ என்பது செவ்வாய், உஷ்ணக் கிரகம். ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சை, நீட்டினால் ஆயுள் ரேகை நீளும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ஐ.டி. கம்பெனிகளில் மாடி மாடியாக உட்கார்ந்து யோசிக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் கைகூப்பிக் கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ராஜவேலும் இருந்தார்.

ராஜவேல் மத்திய அரசில் இன்ஜினீயர். மெக்கானிக்கலில் முதல் வகுப்பு. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் என்றாலும் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவது இந்தியில்தான். அவருக்கு ஒரே பைத்தியம், வீட்டில் இருந்த பழைய சின்னக் கார். அதை நொய்டாவுக்கு அப்பால் இருக்கும் பந்தயத் தடத்தில் ஓட்டுவது அவர் மனைவி பிரபா. தனியாக ஓடி, யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்கள் என்று பார்க்கும் போட்டி. கம்பெனி போட்டுக்கொடுத்த இன்ஜினோடேயே பிரபா இரண்டு கோப்பை வாங்கிவிட்டாள். ராஜவேலுக்கு அது போதவில்லை. வீச்சு அதிகமான கிராங்க் ஒன்றைச் செய்து வாங்கினார். அதைப் போட்டால் பிஸ்டன் இன்னும் கீழே இறங்கி இன்னும் மேலே ஏறும், காற்று அதிகம் உள்ளே வரும். அதற்கு மேல் டர்போ வேறு காற்றை அடைத்துத் தள்ளும். அத்தனை அழுத்தத்தையும் சூட்டையும் தாங்குகிற பிஸ்டன் எது, ராடு எது?

அங்கேதான் சிக்கினார். இணையத்தில் படித்தார். ஒருவன் இதுதான் என்றான், இன்னொருவன் அது குப்பை என்றான். ஆறு மாதம் படித்து, அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன்களாகப் பார்த்து வரவழைத்தார். வந்த பிறகும் தூக்கம் வரவில்லை. தவறினால் உள்ளே உட்கார்ந்திருப்பது பிரபா. அந்தப் பயம் இருக்கிறதே, அதைப் போல ஒரு தரகர் எந்தச் சாமியாருக்கும் கிடைக்கமாட்டார். வாட்ஸாப் குழுவில் யாரோ சித்தரின் வீடியோவைப் போட, அடுத்த ஞாயிறே ராஜவேல் மாயாபுரியில் நின்றார்.

சித்தர் பொருளைக் கையால் தொடுவதில்லை. தொட்டால் பிராணன் கலைந்துவிடுமாம். மேஜையின் வலது பக்கம் ராஜவேல் கொண்டுபோன பிஸ்டன். இடது பக்கம் பீடத்துப் பிஸ்டன். சித்தர் ஒரு நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டார். ராஜவேலின் பிஸ்டனுக்கு மேலே குண்டு செத்த எலி மாதிரித் தொங்கியது. பீடத்துப் பிஸ்டனுக்கு மேலே போனதும் துள்ளிக்கொண்டு ஆடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முதல் வகுப்பு ராஜவேலும் போட்டுக்கொண்டார். பீடத்துப் பிஸ்டன்களையும் ராடுகளையும் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். இன்ஜினைக் கோத்துக் கொடுப்பதும் பீடத்து ஆட்கள்தான். வெளி ஆள் கை பட்டால் பலன் போய்விடும்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதையெல்லாம் பிரபா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் வாகன இன்சூரன்ஸில் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, என்ன நடந்தது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பொய் சொல்லும் மனிதர்களையும் பொய் சொல்லாத இரும்பையும் தினமும் பார்க்கிறவள்.

போன மாதம் அவள் பார்த்த வண்டி சேஷன் என்பவருடையது. எக்ஸ்பிரஸ்வேயில் ஓடிக்கொண்டிருந்தபோதே இன்ஜின் பிளந்து தீப்பிடித்தது. சேஷனுக்கு வலது கால் முழங்கால்வரை வெந்துபோனது. அதுவும் பீடத்து இன்ஜின்தான். உடைந்த பிஸ்டன் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது அதன் தலைப்பக்கம் தகடுபோல் மெலிந்திருந்தது. யாரோ மேலே கடைந்து எடுத்திருந்தார்கள். அதைப் படம் பிடித்துக் கொண்டுபோய் மருத்துவமனையில் காட்டியபோது சேஷன் படத்தைப் பார்க்கவே இல்லை. நான் அஷ்டமியில் வண்டியை எடுத்ததுதான் தப்பு என்று சித்தர் சொல்லிவிட்டார், பரிகாரம் செய்துகொண்டிருக்கிறேன் என்றார்.

இதைக் கேட்ட ராஜவேலும் அதையேதான் சொன்னார். "அஷ்டமியில எடுத்தா அப்படித்தான் ஆகும் பிரபா."

அன்றைக்கு டெல்லியில் ஓடிய லட்சக்கணக்கான வண்டிகளுக்கும் அதே அஷ்டமிதான். அரசாங்கத்து டி.டி.சி. பஸ்ஸுக்குக்கூட விலக்கு கிடையாது.

பிரபா சண்டைக்குப் போகவில்லை. சித்தரின் சேனலைத் திறந்து வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். சித்தரே பெருமையாக எடுத்துப் போட்டவை. பிறகு கேட்டாள்.

"உங்க பிஸ்டனை மேஜையில எந்தப் பக்கம் வச்சாங்க?"

"வலது பக்கம். ஏன்?"

"அவரோடது?"

"இடது."

"இதுல எந்த வீடியோவை வேணா பாருங்க. குண்டு இடது பக்கத்துல மட்டுந்தான் ஆடுது. அது பிஸ்டனுக்கு ஆடலைங்க. மேஜைக்கு ஆடுது."

ராஜவேல் பார்த்தார். மறுபடி பார்த்தார். தற்செயலாக இருக்கலாம் என்றார். சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றாள் பிரபா.

சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நல்ல சேனைக்கிழங்காக ஒரு துண்டு வாங்கி வந்தாள். அதைப் பிஸ்டன் அளவுக்கு உருளையாகச் செதுக்கி, பாலிதீன் பையில் போட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கட்டினாள். பீடத்தில் வாங்கிய பிஸ்டன் ஒன்றையும் அதேபோலக் கட்டினாள். இரண்டு பொட்டலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ராஜவேலுக்கு இரண்டு பயம். சித்தரைச் சோதிப்பது பாவம் என்று ஒரு பக்கம். சித்தர் தோற்றுவிட்டால் தன் கதி என்ன என்று இன்னொரு பக்கம். இரண்டாவது பயம்தான் பெரியது. ஏமாந்ததைவிட ஏமாந்தது தெரிந்துபோவதுதான் படித்தவனுக்கு அவமானம்.

ஞாயிறு. அதே கூட்டம், அதே புகை. முன்வரிசையில் ஊன்றுகோலோடு சேஷனும் உட்கார்ந்திருந்தார், பரிகாரத்தின் அடுத்த தவணைக்காக. பிரபாவின் முறை வந்ததும் அவள் பணிவாகத்தான் கேட்டாள். இரண்டு பிஸ்டன் கொண்டுவந்திருக்கிறேன், ஒன்று பீடத்தில் வாங்கியது, இன்னொன்று வெளியே வாங்கியது, பிரிக்காமலே பார்த்துச் சொல்லமுடியுமா என்றாள்.

சித்தர் ஒரு கணம் பொட்டலங்களைப் பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் காத்திருந்தது.

"உலோகத்துக்கு ஏதும்மா மறைவு? கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் எங்கிட்ட பேசும். வை."

உதவியாளன் கை நீட்டினான். பிரபா கொடுக்கவில்லை. வேறு கை பட்டால் பிராணன் கலைந்துவிடுமே என்று அவர் வேதத்தையே அவருக்குச் சொல்லிவிட்டு, தானே வைத்தாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது பக்கம்தானே பீடத்துச் சரக்கு வைக்கும் இடம்? சித்தரின் முகம் தெளிந்தது.

குண்டு வலது பக்கம் போய் ஆடாமல் தொங்கியது. சித்தர் முகத்தைச் சுளித்தார். இது பிணம், திருட்டுக் கை செய்த சரக்கு, வண்டியில் போட்டால் ஒரு வாரத்தில் உயிரை வாங்கும் என்றார். குண்டு இடது பக்கம் வந்தது. துள்ளியது, சுற்றியது, பரதநாட்டியம் ஆடியது.

"பார்த்தியாம்மா? மேஷ ராசி. செவ்வாயோட சொந்த வீடு. டர்போவோட உஷ்ணம் மொத்தத்தையும் இது குடிச்சிரும். இதையே போடு, தைரியமா ஓட்டு."

பிரபா முதலில் வலது பொட்டலத்தைப் பிரித்தாள். பீடத்துப் பிஸ்டன், பீடத்து முத்திரையோடு. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பிறகு இடது பொட்டலத்தைப் பிரித்தாள். மேஷ ராசிச் சேனைக்கிழங்கு சிவப்புத் துணியின்மேல் உட்கார்ந்திருந்தது.

சித்தர் பாய்ந்து கிழங்கை எடுத்து இரண்டு கையாலும் பொத்தி மறைத்தார். மறைத்து என்ன பயன்? கேமரா அவருடையது, நேரலையும் அவருடையது. பின்வரிசையில் ஒரு பஞ்சாபிப் பிள்ளை எழுந்து, இந்தக் கிழங்கில் அயர்ன் நிறைய உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் பாபாஜி சொன்னது சரிதான் என்று இந்தியில் வாதாடினான். பக்தி என்றால் அப்படி இருக்கவேண்டும். கிழங்கையே இன்ஜினில் போடச் சொல்லியிருந்தாலும் மறுநாள் அரிவாள்மனையோடு வந்திருப்பான்.

சேஷன் மெல்ல எழுந்தார். ஊன்றுகோலை ஊன்றி மேஜைவரை வந்தார். குரல் உயரவே இல்லை.

"என் பிஸ்டனை எந்தப் பக்கம் வச்சீங்க சாமி?"

சித்தர் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். பச்சைச் சேனை தன் வேலையைத் தொடங்கியிருந்தது. சேஷன் ஊன்றுகோலின் முனையால் சிவப்புத் துணியைத் தூக்கினார். மேஜையின் இடது பக்கத்துக்கு அடியில் தட்டு அளவுக்கு ஒரு மின்காந்தம். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முடிவில் தரையில், சித்தரின் பாதத்துக்குப் பக்கத்தில், தையல் மெஷினுக்கு வைப்பதுபோல ஒரு மிதி. பித்தளைக் குண்டைப் பிரபா தரையில் அடித்துப் பார்த்தபோது பூச்சு உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது.

பிரபா கணவரைக் கூப்பிட்டாள். "நீங்களே மிதிச்சுப் பாருங்க."

ராஜவேல் மிதித்தார். பிரபா பிடித்திருந்த நூலில் குண்டு துள்ளியது. விட்டார், நின்றது. மறுபடி மிதித்தார், துள்ளியது. சித்தராவதற்கு எவ்வளவு தவம் வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றவேண்டியதில்லை.

அதன் பிறகு உலோகச் சித்தரைப் போலீஸ் வேனில் ஏற்றும்வரை அவர் இரண்டு கையையும் சொறிந்துகொண்டேதான் நின்றார். புகார் கொடுத்தது சேஷன். பிரபா எடுத்த படங்கள் அதோடு சேர்ந்தன. கிடங்கின் பின்பக்கத்தில் நசுங்கிய கார்களிலிருந்து கழற்றிய பிஸ்டன்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. பாலிஷ் போட்டு முத்திரை குத்தினால் அவைதான் பிராணன் ஏற்றிய பிஸ்டன்கள்.

வீட்டுக்கு வந்த ராஜவேல் நேரே கார் நிற்கும் ஷெட்டுக்குப் போனார். தன் புதிய கிராங்கை இன்ஜினின் உடலான பிளாக்கில் உட்காரவைத்து, பீடத்துப் பிஸ்டனையும் ராடையும் மாட்டிக் கையால் சுற்றினார். பிஸ்டன் ஏறியது, ஏறியது, பிளாக்கின் விளிம்பைத் தாண்டி வெளியே தலையை நீட்டியது. வீச்சு கூடிய கிராங்குக்கு, ராடு மாட்டும் துளைக்கு மேலே உயரம் குறைந்த பிஸ்டன் வேண்டும் என்பது அவர் கல்லூரியில் படித்ததுதான். பீடத்து ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதும் இப்போது விளங்கியது. இடிக்கிற தலையைக் கடைந்து எடுப்பார்கள். மெலிந்த தலை டர்போவின் சூட்டில் ஓட்டையாகும். உள்ளே பிரபா இருப்பாள். அவர் பீடத்துப் பிஸ்டனைக் கழற்றித் தரையில் வைத்தார்.

பிரபா தேநீரோடு வந்தாள். குத்திக்காட்டவில்லை. "அளந்து பார்க்க உங்களுக்குத் தெரியுமே. ஏங்க பார்க்கல?" என்று மட்டும் கேட்டாள்.

தான் முதலில் வரவழைத்த பிஸ்டன்களையே ராஜவேல் எடுத்தார், ராடுகளைப் புதிதாக வாங்கினார். இந்த முறை கிராங்க் வீச்சின் பாதியையும் ராடின் நீளத்தையும் பிஸ்டனின் உயரத்தையும் கூட்டி பிளாக்கின் உயரத்தோடு ஒப்பிட்டார். சூட்டில் விரிவதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பிஸ்டனைச் செய்தவனிடமே கேட்டு வைத்தார். நட்சத்திரம் கேட்கவில்லை. குளிர்காலத்தில் நடந்த போட்டியில் பிரபா மூன்றாவதாக வந்தாள். அன்றைக்கு அஷ்டமி என்று யாரோ சொன்னார்கள். இன்ஜினுக்கு அது தெரியாது.

மாயாபுரிக் கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. வரிசை மட்டும் கலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. கரோல் பாகில் ஒருவர் டர்போவுக்குள் மூச்சு ஊதித் தோஷம் கழிக்கிறாராம். அங்கேயும் இன்ஜினீயர்கள்தான் முன்வரிசை. இன்ஜினுக்குள் போகும் பொருள் சேருமா சேராதா என்று நூல் பிசகாமல் கேட்கிறவர்களே, தலைக்குள் போகும் பொருளை மட்டும் ஏன் அளக்காமல் உள்ளே விடுகிறீர்கள்?