வேலை வைக்காத செடி

செடி வைக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வைத்ததைப் பிடுங்கிப் போடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத இனம் ஒன்று உண்டு: செடியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். இவர்கள் கையில் மண் ஒட்டியதே கிடையாது. வாயில் மட்டும் எந்நேரமும் ஒரு செடி இருக்கும். ஆட்டைச் சொல்லவில்லை ஐயா, மனிதரைத்தான் சொல்கிறேன்.

நேரில் பார்க்க ஆசையா? சித்தூரில் வேலூர் ரோட்டோரம் எத்திராஜ் வீட்டுக்கு வாருங்கள். சர்க்கார் குமாஸ்தா. ஆந்திர ராஜ்யம் பிறந்த வருஷம் அந்தப் புது வீட்டில் குடிபுகுந்தார். நல்ல வீடு, ஒரே ஒரு குறை. பின்பக்கம் குளிக்கிற இடத்துக்கு ஒரு தென்னந்தட்டிதான் மறைப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவனுக்கு அந்தத் தட்டி எம்மாத்திரம்? அதனால் அவர் மனைவி ரத்தினம்மா கோழி கூவுகிற வேளையில் எழுந்து, பனியோ மழையோ, முதல் பஸ் வருவதற்குள் நடுங்கிக்கொண்டே பச்சைத் தண்ணீரில் குளித்துவிடுவாள். புது ராஜ்யம் வந்த கையோடு அந்த முதல் பஸ்ஸின் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் கோழியை ரத்தினம்மா எழுப்பினாள்.

“தட்டிக்கு வெளியில நாலு செடி வெச்சா மறைப்பா இருக்கும்ங்க. எதுனா ஒரு செடி,” என்றாள்.

எதுனா ஒரு செடி! இந்த இனத்தாரிடம் சொல்லவே கூடாத வார்த்தை அது.

“இன்னா மே, கத்திரிக்காயா வாங்கறோம்? வெச்சா வெச்சதுதான். வேலை வெக்காத செடியா பார்க்கணும்,” என்றார் எத்திராஜ்.

பார்க்க ஆரம்பித்தார். செம்பருத்தி என்றால் ஆடு தின்னும், ஆடு தின்னாத அரளி என்றால் பூ கொட்டும், கொட்டினதை யார் கூட்டுவது, மருதாணி என்றால் பண்டிகைக்கு முந்தின நாள் தெருப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு யார் கிளையை வளைத்துக் கொடுப்பது, துளசி என்றால் குளிக்காமல் தொடக் கூடாது, வெள்ளிக்கிழமை பறிக்கக் கூடாது, அது செடியா மேலதிகாரியா என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனார். திருப்பதிக்குப் போனால் பெருமாளைச் சேவித்த நேரத்தைவிட நந்தவனத்து வேலியைச் சேவித்த நேரம் அதிகம். ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் சொந்தக்காரர் மல்பெரி வைக்கச் சொன்னதற்கு, “அப்புறம் பூச்சியும் வளர்க்கச் சொல்லுவ,” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார்.

நடுவில் எல்லைத் தகராறு வேறு.

“சித்தூரு ஆந்திராவுல இருக்குமா, மெட்ராசோட போவுமான்னு ஊரே பேசிக்கினு கீது. இப்பப் போய் நட்டா அது எந்த சர்க்காரு செடி?”

“எந்த சர்க்காரா இருந்தாலும் நான் குளிக்கணுமேங்க,” என்றாள் ரத்தினம்மா.

நியாயமான பேச்சு. எத்திராஜ் சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.

சந்தையில் கன்று விற்கும் பாலையா ஆடாதோடையைத் தூக்கிக் காட்டி, “தண்ணியே வாணாம் சாமி. ஆடு மோந்துகூடப் பார்க்காது. சத்தியமா!” என்பான். சந்தைச் சத்தியத்துக்கு மயங்குகிற ஆளா நம் எத்திராஜ்? பக்கத்தில்தானே காணிப்பாக்கம் இருக்கிறது. அங்கே குளத்தில் முழுகி எழுந்து, பிள்ளையார் முன்னால் ஈரத்துணியோடு நின்று பொய் சொல்ல இந்தச் சீமையில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. கோர்ட்டில் தீராத வழக்கெல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது.

“காணிப்பாக்கம் வந்து சொல்றியா?” என்பார்.

பாலையா தலையைச் சொறிவான். “வேர் புடிக்கிற வரிக்கும் ஊத்தணும் சாமி.”

“அப்படிச் சொல்லு!” என்று வெற்றி முகத்தோடும் வெறுங்கையோடும் வீடு திரும்புவார். இப்படியே ஜில்லாவிலுள்ள புதர் பூண்டு அத்தனையும் பிள்ளையார் பேரால் தள்ளுபடியாயின. வருஷங்கள் போயின. நடாத செடி எப்படி வளரும்?

ஒரு மார்கழிக் காற்றில் தட்டி சாய்ந்தது. ரத்தினம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று முன்கூட்டியே வந்துவிட்ட பஸ் நின்றுகொண்டிருந்தது. ஈரப் புடவையோடு அண்டாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, எப்போது கிளம்பும் எப்போது கிளம்பும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரோ டிக்கெட் போட்டு முடிக்கிற பாடாக இல்லை. அவமானத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. எத்திராஜ் எங்கே என்கிறீர்களா? வாசலில் நின்று, நொச்சி இலை கொட்டுமா கொட்டாதா என்று பால்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

தலையைக்கூடத் துவட்டாமல் அவர் எதிரில் வந்து நின்றாள்.

“கெளம்புங்க. காணிப்பாக்கம் போறோம்.”

“எதுக்கு மே?”

“நொச்சிக்கு நான் சத்தியம் பண்றேன்.”

போனார்கள். முழுகினாள். கைகூப்பி, சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னாள்: “இந்த நொச்சியால எங்க ஊட்டுக்காரருக்கு என்னைக்கும் ஒரு வேலையும் வராது. சத்தியம்.”

எத்திராஜுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பளார் பளாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேடின செடி கிடைத்துவிட்டது!

பிள்ளையார் முன்னால் சொன்னது பொய்க்குமா? ரத்தினம்மா நொச்சிக் கிளையில் போத்து ஒடித்து வந்தாள், குழி தோண்டினாள், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுமந்து ஊற்றினாள், இலையைக் கூட்டினாள், ரோட்டுப் பக்கம் நீட்டிய கிளையை அரிவாளால் கழித்தாள். எல்லைத் தகராறு தீர்ந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிவான வருஷம், நொச்சி பஸ் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. இப்போது அவள் விடிந்தபிறகு எழுந்து, வெந்நீர் போட்டு, நிதானமாகக் குளிக்கிறாள்.

எத்திராஜ்? வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டுகிறார். “வெச்சா நொச்சி வெக்கணும் சார். வெச்ச நாளா ஒரு சொம்பு தண்ணி ஊத்தினதில்ல. தானா வளர்ந்துக்கினு கீது பாருங்க!”

வாளியோடு அந்தப் பக்கம் வரும் ரத்தினம்மா நொச்சிக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். தானாக நிறைகிற குடம், தானாக வெளுக்கிற வேட்டி, தானாக வளர்கிற செடி ஏதாவது கண்ணில் பட்டால், பக்கத்தில் வாளியோடு நிற்பவரைக் காணிப்பாக்கத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கே போனால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.