ஒன்றாம் எண் உள்ளே வரவும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்களும் நலமென நம்புகிறேன். தங்கள் அக்காவும் நலமே, என்னிடம் பேசுவதில்லை என்பதைத் தவிர.

அவளுடைய பல் மருத்துவமனையில் நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிடத் தாங்கள் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தீர்கள். கணினியைப் போட்டதும் அது தானாக ஓடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளாக வரவேற்பறையில் ஒரு வகை லினக்ஸ், எக்ஸ்ரே அறையில் வேறு லினக்ஸ், அக்கா மேசையில் இன்னொரு லினக்ஸ் என்று எதற்கு வைத்தாய்? கேட்டால், "எல்லாம் ஒரே குடும்பம்தான் அத்தான்" என்றாய். நம் குடும்பம் மாதிரி என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை வரவேற்பறைக் கணினி வாய் திறக்கவில்லை. உன்னைத் தொந்தரவு செய்வானேன் என்று எக்ஸ்ரே அறைக் கணினியில் நிரலை எழுப்பிவிடும் தொடக்கக் கோப்பை இதில் கொண்டுவந்து போட்டேன். சத்தமே இல்லை. இந்த லினக்ஸுக்கு வேறு மாதிரி எழுத வேண்டுமாம். அப்படியும் எழுதி, கணினியை அணைத்துப் போட்டேன். கொண்டுவந்த கோப்பு, எழுதிய கோப்பு இரண்டும் சேர்ந்து எழுந்துகொண்டன. ஒன்றை நிறுத்தினால் உடனே எழுந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறது. விழுந்தால் எழு என்று நீதானே எழுதி வைத்திருக்கிறாய்.

அன்று ஒன்றாம் எண்காரர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். கூப்பிட்டால் தட்டாத மனிதர். ஒவ்வொரு முறையும் எழுந்து உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

"சார், உங்க வாய்ல இனிமே நான் பார்க்க எதுவும் இல்ல" என்றாள் அக்கா.

"கூப்பிட்டாங்களே டாக்டர். வரலைன்னா தப்பா நினைப்பீங்களேன்னுதான்."

காத்திருந்த அம்மாள் ஒருவர், "அவர் டாக்டருக்குச் சொந்தம் போல" என்று முணுமுணுத்தார். அக்கா கையுறையோடு வெளியே வந்து என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை ஒன்னுன்னு கேட்டுச்சுன்னா, உங்க பல்லைத்தான் பிடுங்குவேன்."

கணினி உடனே, "ஒன்றாம் எண் உள்ளே வரவும்" என்றது. அறையே என்னைப் பார்த்தது. போய் உட்கார்ந்தேன். கடைவாயில் ஒன்று குறைந்தது. சொத்தைப் பல்தான் என்கிறாள்.

அதற்குப் பிறகு விடுவேனா? மூன்று லினக்ஸுக்கும் அதனதன் வழக்கப்படி தனித்தனியாக எழுதி, ஒன்றையொன்று முந்தாதபடி யார் பின்னால் யார் எழ வேண்டும் என்றும் சொல்லி, என் கையாலேயே ஓடவிட்டேன். பெட்டிப்பாம்பாக அடங்கி வேலை செய்கின்றன. அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை, அவசியமும் இல்லை. ஆகவே நீ சிரமப்பட்டு வர வேண்டாம், இதைச் சரிசெய்ய அக்கா கூப்பிட்டாள் என்று போட்ட விடுப்பை ரத்து செய்துவிடு. அத்தானுக்கும் நாலு விஷயம் தெரியும் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு பல் குறைந்த அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மின்சாரம் போய் வந்தது. மூன்றில் எதுவும் எழவில்லை. ஒவ்வொன்றையும் அடுத்ததற்குப் பின்னால் எழச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது; நீ முதலில், நீ முதலில் என்று காத்துக்கொண்டிருக்கின்றன. அக்கா வாசலில் நின்று கைதட்டி ஆட்களைக் கூப்பிடுகிறாள். விடுப்பை ரத்து செய்திருந்தால் பல்வலி என்று சொல்லியாவது கிளம்பி வா.